கேரட் எஞ்சினைப் பார்க்க வந்தவர்

போன மாதம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஜாதவ்பூரில் என் வீட்டுக்கு வந்து, "தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க ஆன்ட்டி, பழைய கல்கத்தாவைப் பத்தி, ஜாலியா" என்று கேட்டாள். பூஜைப் பந்தல், ஹில்சா மீன் வாசனை, டிராம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகுதான், நான் எழுதாமல் விட்டது எது என்று எனக்கே தெரிந்தது.

அதை உங்களுக்கு எழுதுகிறேன். அந்தச் சங்க ஹாலில் என்னோடு ஜமக்காளத்தில் உட்கார்ந்து பொங்கல் விழா பார்த்தவர்கள் நீங்கள். எல்லாரும் எழுபதை நெருங்கிவிட்டோம், அல்லது தாண்டிவிட்டோம். மேடையில் ஓர் அமெரிக்கருக்கு மாலை போட்டது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். சிலர் சிரிக்கவும் செய்தீர்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

அப்போது நாங்கள் ஹவுராவில், ஷிப்பூரில், ஒரு சந்துக்குள் மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பா ரயில்வே தலைமை அலுவலகத்தில் இருந்தார். தினமும் காலையில் படகேறி கங்கையைத் தாண்டி வேலைக்குப் போவார். அண்ணன் ஜாதவ்பூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பத்து வயது. தம்பிக்கு நாலு. அம்மாவும் அப்பாவும் திருநெல்வேலிப் பேச்சு, நாங்கள் மூன்று பேரும் தெருவில் வங்காளி, பள்ளியில் இங்கிலீஷ்.

ஒரு மார்கழியில் அமெரிக்கர் ஒருவர் அப்பாவின் அலுவலகத்துக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். உயரமாக, கொஞ்சம் கூனி, காது சரியாகக் கேட்காததால் பேசுகிறவர் பக்கம் எப்போதும் தலையைச் சாய்த்துக்கொண்டு இருப்பார். அவர் தேடி வந்தது கேரட் எஞ்சின்களை. அந்தப் பெயர் எனக்குக் காய்கறியாகவே பட்டது. நடுவில் ஒரு பெரிய பாய்லர், அதற்கு முன்னாலும் பின்னாலும் தனித்தனிச் சக்கரக் கூட்டம், வளைவு வந்தால் மூட்டு மூட்டாக மடிந்து திரும்பும் இரட்டை எஞ்சின். நிலக்கரி வண்டிகளை இழுத்துக்கொண்டு அவை சாந்த்ராகாச்சி யார்டுக்கு வரும். டீசல் வர ஆரம்பித்துவிட்டது, இன்னும் கொஞ்ச காலத்தில் எல்லாவற்றையும் உடைத்துவிடுவார்கள் என்று பேச்சு. உலகத்தில் மடிகிற எஞ்சின் இன்னும் ஓடுகிற சில இடங்களில் இதுவும் ஒன்று என்று அவர் எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார்.

அப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. யார்டில் படம் எடுக்கக் கூடாது, போலீஸ் பிடித்துக்கொள்ளும். அப்பா யார்டு அதிகாரியிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி வைத்தார். அப்பா கூடவே நிற்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா இட்லி வைப்பாள். அவர் தரையில் சம்மணம் போட முடியாமல் கால்களை ஒரு பக்கமாக நீட்டி உட்கார்ந்து, மிளகாய்ப்பொடியில் கண் கலங்கி, இன்னொன்று கேட்பார். பிறகு அப்பா, அவர், நான் மூவரும் பஸ் ஏறி சாந்த்ராகாச்சி.

அந்தக் காலைகள் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கின்றன. பனிமூட்டத்தோடு கலந்த நிலக்கரிப் புகை, சூடான எண்ணெய், தண்டவாளத்தை ஒட்டிய குட்டையில் ஆகாயத்தாமரை அழுகும் வாசனை. மூட்டத்துக்குள்ளிருந்து எஞ்சின் முதலில் சத்தமாக வரும். இரண்டு பக்கச் சக்கரங்களும் ஒன்றாக மூச்சுவிடும், பிறகு மெல்ல விலகும், ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் ஆகும், மறுபடி சேரும். அவர் கேமராவை எடுக்க மறந்து நின்றுவிடுவார். அப்பா அவர் முழங்கையைத் தொட்டு ஞாபகப்படுத்துவார்.

ஒருநாள் மாலை அவர் ஒரு சின்னப் பிலிம் சுருளைக் கொண்டுவந்தார். மேல்வீட்டு டாக்டர்பாபுவிடம் புரொஜெக்டர் இருந்தது. அப்பாவின் எட்டு முழ வேட்டியைச் சுவரில் ஆணியடித்துக் கட்டினோம். டாக்டர்பாபு வீட்டார், நாங்கள், சந்துப் பிள்ளைகள் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வேட்டிக் கரைமேல் ஓர் எஞ்சின் ஓடி வந்தது. அப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை. டிரைவர் இருக்கும் அறை முன்னால், புகைபோக்கி பின்னால்.

"திருப்பி மாட்டிட்டாங்களா?" என்று அண்ணன் இங்கிலீஷில் கேட்டான்.

அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். கலிபோர்னியா மலையில் பனி விழுந்து பாதையை மூடாமலிருக்க மைல் கணக்கில் மரக்கூரை போட்டிருப்பார்களாம். சாதாரண எஞ்சின் அதற்குள் போனால் டிரைவர் புகையில் மூச்சடைத்துப் போவான். அதனால் கரிக்குப் பதிலாக எண்ணெய் எரியவைத்து, எஞ்சினையே பின்பக்கம் முன்பக்கமாக்கி விட்டார்கள். ஆனால் முதலில் செய்தவை மந்தமானவை. அவையும் இரட்டை எஞ்சின்தான், ஒருமுறை வேலை செய்து களைத்துப்போன நீராவியையே இன்னொரு பக்கத்துக்கும் அனுப்பினார்கள். மலை ஏறும், ஆனால் வேகம் வராது.

"அப்புறம் நாங்கள் அவற்றைத் திரும்பக் கட்டினோம்" என்றார். "ஒவ்வொன்றாகப் பட்டறைக்குள் இழுத்து வந்து, சிலிண்டர்களை மாற்றி, இரண்டு பக்கத்துக்கும் புது நீராவி கொடுத்தோம். அதே எஞ்சின்கள்தான். வெளியே வந்தபோது ஓடின."

ரீபில்ட் என்ற அந்தச் சொல்லை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு வகுப்பு எஞ்சின் முழுவதையும் திரும்பக் கட்டிய மனிதர். அப்பாவுக்குத் தெரிந்த உலகத்தில் அப்படிச் சொல்லக்கூடியவர் சீஃப் மெக்கானிக்கல் இன்ஜினியர் ஒருவர்தான்.

அன்றைக்குச் சாப்பிடும்போதே அப்பா ஆரம்பித்துவிட்டார். "அவரு நெனச்சா ஒரு வார்த்தை போதும். பெரியவனுக்கு அங்க சீட்டு கெடைச்சிரும்."

"கேட்டீயளா அவர்ட்ட?" என்றாள் அம்மா.

"இதையெல்லாம் எடுத்த எடுப்புல கேக்கக் கூடாது. மொதல்ல மரியாதை செய்யணும்."

மரியாதை செய்யும் இடம் பொங்கல் விழா என்று முடிவாயிற்று. அப்பா சங்கத்துச் செக்ரட்டரி மாமாவிடம் பேசினார். அமெரிக்க ரயில்வேயின் பெரிய இன்ஜினியர், சிறப்பு விருந்தினர். செக்ரட்டரி மாமாவுக்கும் ஒரு மகன் இருந்தான். உடனே சம்மதித்தார்.

விழா அன்றைக்கு அவர் பழைய கோட்டு ஒன்றை இஸ்திரி போட்டு அணிந்து வந்திருந்தார். கைமுட்டியில் நூல் பிரிந்திருந்ததை அம்மா கவனித்தாள். "பெரிய பணக்காரனுக இப்பிடித்தான் எளிமையா இருப்பாவ" என்று என்னிடம் சொன்னாள். ரோஜா மாலை போட்டார்கள். அப்பா மைக்கைப் பிடித்தார். நான் முன்வரிசையில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இவர் நம் பிள்ளைகளை அமெரிக்கா அழைத்துப்போக மனம் வைத்திருக்கிறார், முதலில் என் மூத்த மகன் போகிறான், இனி சங்கத்துக் குழந்தைகள் ஒவ்வொருவராகப் போவார்கள் என்று அப்பா தமிழில் சொன்னார். கைதட்டல் ஹாலை நிறைத்தது. அமெரிக்கரும் கூடவே கைதட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

செக்ரட்டரி மாமா குனிந்து அவர் காதில் அதை இங்கிலீஷில் சொன்னார். ஒரு தடவை கேட்காமல், உரக்க இன்னொரு தடவை சொன்னார். அவர் தட்டுவதை நிறுத்தினார். எழுந்து மைக் அருகே வந்தார்.

"ஏதோ தவறு நடந்திருக்கிறது" என்றார். "நான் இன்ஜினியர் இல்லை. பாய்லர் பட்டறையில் தொழிலாளி. பதினாறு வயதில் போனேன். அந்த எஞ்சின்களைத் திரும்பக் கட்டும்போது ரிவெட் ஆணி அடித்தேன், காது போனது அதில்தான். பின்னால் அவற்றை உடைக்கச் சொன்னபோது, நான் அடித்ததையே காஸ் டார்ச் வைத்து வெட்டினேன். ஒன்றுகூட மிச்சமில்லை. யாரையும் எங்கேயும் அனுப்புகிற சக்தி எனக்குக் கிடையாது. நான் இங்கே வந்ததே வீட்டை விற்றுத்தான்." பிறகு, சூழ்நிலையை லேசாக்க நினைத்தாரோ என்னவோ, "உங்கள் இட்லி மிகவும் நன்றாக இருக்கிறது" என்று முடித்தார்.

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அப்பா மேடையிலிருந்து எப்படி இறங்கினார் என்று நான் பார்க்கவில்லை. தம்பியின் தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரைப் பொங்கல் வரிசையில் செக்ரட்டரி மாமா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன அண்ணாச்சி, பாய்லர் அடிக்கவனுக்கா என் கையால மாலை போட வச்சீரு?" என்றார். அப்பா இலையோடு நின்றார். அண்ணனின் காலேஜ் நண்பர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவன் எங்களோடு வீட்டுக்கு வராமல் தனியாகப் போய்விட்டான்.

பஸ்ஸில் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இனி அந்த ஆளு நம்ம படி ஏறக் கூடாது."

ஆனால் அவருக்கு அது தெரியாதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்தார். படிக்கட்டில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து உள்ளறைக்குப் போய், பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அந்த அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அம்மா வாசலில் நின்றாள்.

"சார், ஃபீவர். ஸ்லீப்பிங்" என்றாள்.

அவர் பதறிப்போனார். டாக்டரைப் பார்த்தீர்களா, மலேரியாவா என்று கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர் தோளில் கேமராப் பை, கையில் ஒரு காகிதப் பொட்டலம். தம்பி போன வாரம் கேட்டிருந்ததால் அந்தப் பிலிம் சுருளை மறுபடி கொண்டுவந்திருக்கிறேன், இன்னொரு நாள் காட்டுகிறேன் என்று சொல்லிப் பையைத் தட்டிக் காட்டினார். பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். கமலா ஆரஞ்சு. "அப்பாவுக்கு" என்றார்.

கதவைச் சாத்தியதும் அம்மா பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். மத்தியானம்வரை யாரும் தொடவில்லை. பிறகு தம்பி ஒன்றை உரித்தான். வாசனை வீடு முழுவதும் பரவியது. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். அப்பாவும் சாப்பிட்டார். விதைகளைப் பேப்பர் ஓரத்தில் துப்பி வைத்தார். நல்ல இனிப்பு.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ரயில்வே போலீஸ்காரர் ஒருவர். வங்காளி, நடுவயது, மரியாதையாகவே பேசினார். சாந்த்ராகாச்சி யார்டில் ஒரு சாஹேப் படம் எடுத்துக்கொண்டிருந்தாராம். பாலத்தையும் சேர்த்து எடுத்திருக்கிறார். உளவாளியாக இருக்குமோ என்று சந்தேகம், அவுட்போஸ்ட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். விசாரித்தால் இந்த வீட்டு பாபுவைத் தெரியும், அவர்தான் தன்னைக் கூட்டி வருவார் என்கிறார்.

"சேனேன்?" என்று கேட்டார் போலீஸ்காரர். அவரைத் தெரியுமா?

அப்பா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது எந்தக் காலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, யுத்தம் ஓய்ந்த புதிது. உளவாளி என்ற சொல் அன்றைக்கு ஓர் அரசாங்க உத்தியோகத்தைத் தின்றுவிடும். அப்பா பயந்தார், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயம் மட்டும்தான் காரணம் என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. அப்பா முகத்தில் அந்தப் பொங்கல் வரிசையும் இருந்தது.

"சினி நா" என்றார். தெரியாது.

வங்காளியில் சர்க்கரைக்கும் சினி என்றுதான் சொல்வார்கள், நம் சீனியைப் போலவே. தம்பிக்குப் புரிந்தது அந்த ஒரு சொல். போலீஸ்காரர் சர்க்கரை கேட்டு வந்திருக்கிறார், அப்பா இல்லை என்கிறார். ரேஷன் நாட்கள் அவை, யாராவது கடன் கேட்டு வருவது வழக்கம்தான். அவன் சமையலறைக்கு ஓடி, இரண்டு கையாலும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இருக்குப்பா! நம்ம வீட்ல சீனி இருக்கு!"

போலீஸ்காரர் அவன் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்பாவின் அந்தச் சிரிப்பைத்தான் நான் மறக்க முடியாமல் வைத்திருக்கிறேன். போலீஸ்காரர் சல்யூட் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அம்மா டப்பாவை வாங்கி அதன் இடத்தில் வைத்தாள்.

அமெரிக்கரை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அவர்கள் தூதரகத்திலிருந்து ஆள் வந்துதான் விட்டார்கள். அப்பா அதை அலுவலகத்தில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். கேமராவில் இருந்த பிலிமை இழுத்து வெளிச்சத்தில் காட்டிவிட்டார்களாம். பையில் இருந்த சுருள் எல்லாவற்றையும் பறிமுதல் செய்துவிட்டார்களாம். எந்தச் சுருள் என்று அப்பா சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அந்த வாரம் அப்படியே போயிற்று. அப்பா படகுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து வந்து அவர் சட்டையைக் கழற்றும்போது அம்மா சொன்னாள். "காய்ச்சல்னு நான் சொன்னேன். தெரியாதுன்னு நீங்க சொன்னீய. ரெண்டு பேருமா ஒரு மனுசனக் கொண்டு போலீசுல விட்டுட்டோம். போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"என்னன்னு சொல்ல?"

"நடந்ததச் சொல்லுங்க."

அப்பா கழற்றிய சட்டையை மறுபடி போட்டுக்கொண்டார். தனியாகப் போக அவருக்குத் தைரியமில்லை என்று நினைக்கிறேன். செருப்பு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டார்.

நியூ மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் சின்ன விடுதி. கீழே வெற்றிலைக் கடை, ஈரமான படிக்கட்டு, பினாயில் நெடி. கதவு திறந்திருந்தது. அவர் கட்டிலில் பெட்டியை விரித்து வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், நான் பயந்ததற்கு நேர்மாறாக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டீர்களா? இந்த உடம்போடு இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள்?" அப்பாவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் மணிக்கட்டில் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஒன்றுமில்லாதது மாதிரி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அப்பா தண்ணீரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார். "போலீசில்..." என்று ஆரம்பித்தார்.

"அதை விடுங்கள். என் தப்பு" என்றார் அவர். "உங்களைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். உங்கள் வீடு கிடைக்கவில்லை என்று திரும்பி வந்துவிட்டார்கள். அந்தச் சந்தின் பெயர் என் வாயில் ஒழுங்காக வராது. என்ன சொன்னேனோ, அவர்களுக்கு என்ன கேட்டதோ."

போலீஸ்காரர் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொல்ல அவருக்கும் ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டம்ளரில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்கர் என்னிடம் திரும்பினார். அந்தப் படம் போய்விட்டது, உன் தம்பிக்கு இனி காட்ட முடியாது, வருத்தப்படுவானா என்று கேட்டார். அது அவர் மனைவி எடுத்த படமாம். கடைசியாக அந்த எஞ்சின்கள் ஓடிய கோடையில், ஒரு பாலத்தின்மேல் நின்று எடுத்தாராம். வேறு பிரதி இல்லை. மனைவியும் இல்லை. இதை அவர் சாதாரணமாக, சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னார். பிறகு மடிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவுக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்தார். கேட்கிற காதை அப்பா பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"நான்தான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றார். "அன்று மேடையில் உங்களை அவமானப்படுத்திவிட்டேன். அவ்வளவு பேருக்கு முன்னால் மறுத்துச் சொல்லியிருக்கக் கூடாது. உங்கள் மனைவி அன்றைக்கு வாசலில் என்னைப் பார்த்த விதத்திலேயே எனக்குப் புரிந்தது. எத்தனை நாள் உங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்."

இதுதான் இடம் என்று எனக்குப் பத்து வயதில் தெரிந்தது. இந்த இடத்தில் அப்பா சொல்லிவிடுவார். சொல்வதற்குத்தானே வந்தோம். வெளியே ரிக்‌ஷாக்காரன் மணியைத் தட்டிக்கொண்டு போனான். அப்பா தண்ணீர் டம்ளரைத் தரையில் வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இட் ஈஸ் ஆல் ரைட்" என்றார்.

மேடையில் பேசிய குரலில், பெருந்தன்மையாக, சொன்னார்.

அமெரிக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெகுநேரம் விடவில்லை. "தேங்க் யூ" என்றார். "தேங்க் யூ."